பழைய தொட்டிக்குப் புது மண்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் வழமையாகப் பேசப்படுகிற விசயங்கள் பெரியவை. குடிவரவுச் சட்டம், நீரிழிவு, பிள்ளைகளின் தமிழ்க் கல்வி, சைவ சமயம் என்று விசயம் தெரிந்தவர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இன்றைக்கு மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாய்மண் என்று நினைத்து ஒருவரும் நிமிர்ந்து இருக்க வேண்டாம். மீன்தொட்டிக்குள் போடுகிற மண்ணைப் பற்றித்தான்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தத் தலைப்பை நான் தேடிப் போகவில்லை. 2003 ஆம் ஆண்டு அந்த நீமோப் படம் வந்த பிறகு எங்கட வீடுகளிலும் உப்புத்தண்ணித் தொட்டிகள் மெல்ல மெல்ல வந்துவிட்டன. கலியாண வீட்டிலும் சரி, கோயில் தேரடியிலும் சரி, என்னைக் கண்டால் ஆரோ ஒருவர் ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்கிற கேள்வி இது: "அண்ணை, எங்கட தொட்டி மூண்டு வருசமா நல்லா ஓடுது. அடியில மண் இல்லை, இருந்தாலும் ஒரு விரல் மொத்தம்தான். இப்ப பிள்ளை மண்ணுக்குள்ள வளை தோண்டுற மீன் வேணும் எண்டு நிக்கிறாள். இனி மண் போடலாமோ? எப்பிடிப் போடுறது?"

போடலாம். அதற்கு இரண்டே இரண்டு நிபந்தனை. மண் முதல் வரவேணும், மீன் பிறகு வரவேணும். வருகிற மண்ணும் ஒரே நாளில் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வரவேணும். ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஆர் ஆருக்கு மண் வேணும்?

உப்புத்தண்ணியில் வாழுகிற எல்லா மீனுக்கும் மண் அவசியம் இல்லை. நீமோ என்று பிள்ளைகள் சொல்லுகிற கோமாளி மீனுக்கு அடியில் மண் இருந்தாலும் ஒன்றுதான், வெறும் கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான். வேறு சில பிராணிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

முதலாவது, தாடை மீன். கடைக்காரர் 'ஜோ பிஷ்' என்று சொல்லுவினம். மஞ்சள் தலை உள்ள இனம் புளோரிடாவிலிருந்து கரிபியன் கடல் வரைக்கும் வாழுவது. பெரிதானாலும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர்தான். ஆனால் ஆள் பெரிய மேசன். மண்ணுக்குள் வளை தோண்டி, வாயால் கல்லும் சிப்பித்துண்டும் காவிக்கொண்டு வந்து சுவர் கட்டும். பகலில் வாசலுக்கு மேலே நிமிர்ந்து நின்று, தண்ணியில் மிதந்து வருகிற சின்னச் சாப்பாட்டைப் பிடித்துத் தின்னும். பயம் வந்தால் வால் முதலாக உள்ளே இறங்கும். இரவானால் ஒரு கல்லை இழுத்து வாசலை மூடிப்போட்டுப் படுக்கும். முட்டைகளை ஆண் மீன்தான் வாய்க்குள் வைத்துக் காக்கும். தகப்பன்மார் இதைக் கவனிக்கவும்.

இரண்டாவது, துப்பாக்கி றாலும் அதன் கூட்டாளி கோபி மீனும். கோபி எங்கட ஊர் உளுவை மீனின் இனம். றால் ஒரு பெரிய கொடுக்கை அடித்தால் வெடி போட்டது மாதிரிச் சத்தம் கேட்கும், அதனால்தான் அந்தப் பெயர். றாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. ஆனால் தோண்டுவதில் அதை வெல்ல ஆள் இல்லை. மீனுக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. ஆகவே இரண்டும் ஒரு வளையில் குடியிருக்கும். றால் நாள் முழுக்க மண்ணை வாரி வெளியே தள்ளும். மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வருகிற நேரம் றால் தன்னுடைய மீசையை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். மீன் வாலை ஒருதரம் ஆட்டினால் ஆபத்து என்று அர்த்தம், றால் உள்ளே ஓடிவிடும். ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தாலும் இந்தக் காட்சி அலுக்காது.

மூன்றாவது, மண்ணுக்குள் நித்திரை கொள்ளுகிற றாஸ் மீன்கள். மஞ்சள் றாஸ், சிறுத்தைப் புள்ளி றாஸ் என்பவை இந்த வகை. பொழுதுபட்டதும் தலைகீழாகப் பாய்ந்து மண்ணுக்குள் மறைந்துவிடும், விடிந்தால் எழும்பி வரும். வெறும் கண்ணாடி அடி உள்ள தொட்டியில் இதை விட்டால், பழக்கத்தில் பாய்ந்து முகத்தைக் கண்ணாடியில் இடிக்கும். வாய் புண்ணாகும், சாப்பிடாது, மெலிந்து செத்துப்போகும். எல்லா றாசும் இப்படி இல்லை. உடம்பில் ஆறு கோடு உள்ள றாஸ் கல்லிடுக்கில்தான் படுக்கும். ஆகவே வாங்க முதல் கேட்கவேணும்: "இது எங்க படுக்கும்?"

நாலாவது, தோட்ட விலாங்கு. கூட்டம் கூட்டமாக மண்ணில் உடம்பைப் புதைத்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு புல்லுப் போல ஆடும். 2020 இல் கொரோனாவுக்காக ரோக்கியோவின் சுமிடா மீன்காட்சிச்சாலையைப் பூட்டியபோது, அங்கிருந்த விலாங்குகள் மனித முகங்களை மறந்து, பராமரிப்பாளர் வந்தாலே மண்ணுக்குள் ஒளியத் தொடங்கிவிட்டன. பார்த்தால்தானே நோய் இல்லாமல் இருக்கிறதா என்று தெரியும்? அந்த வருசம் மே மாதத்தில் தொட்டிக்கு முன்னால் ராப்லெற்றுகளை வைத்து, சனங்களை வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். பூமிக்குள் ஒளிகிற ஒரு பிராணியின் பயம் எவ்வளவு என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். வீட்டில் இதை வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கோ. இதற்கு ஆழமான மண்ணும், பெரிய தொட்டியும், கூட்டமும் வேணும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவேணும். கடைக்கு வருகிற கடல் மீன்களில் பெரும்பாலானவை வளர்ப்பு மீன்கள் இல்லை, கடலில் பிடித்தவை. திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் எங்கட ஆட்கள் சுழியோடிப் பிடித்து அனுப்புகிற மீன்களும் அதில் உண்டு. வலையில் பட்டு, பைக்குள் அடைபட்டு, விமானம் ஏறி, இரண்டு மூன்று கை மாறி உங்கட வீட்டுக்கு வருகிற பிராணிக்கு முதல் இரவு ஒளிய ஒரு இடம் வேணும். இந்தச் சபைக்கு அதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

என்ன மண்? எவ்வளவு ஆழம்?

மண்ணில் வகை இருக்கிறது. உப்புத்தண்ணித் தொட்டிக்கு நல்லது அரகோனைற் மண். பவளமும் சிப்பியும் உடைந்து வந்த மண் இது, கல்சியம் காபனேற்று. சீனி அளவு, அதாவது அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரையான மணி, றாசுக்கும் கோபிக்கும் சரி. மூன்று, நாலு மில்லிமீற்றர் பவளத் துருவல் மட்டும் போட்டால் அது கூர். தலைகீழாகப் பாய்கிற மீனின் தோல் உரியும். கட்டட வேலைக்கு விற்கிற மண்ணை எடுக்கவே வேண்டாம். அதில் களியும் வேறு அழுக்கும் இருக்கும்.

தாடை மீனுக்கும் துப்பாக்கி றாலுக்கும் சீனி மண் மட்டும் போதாது. இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு வழிதான் தெரியும். இந்த மண்டபத்தில் பங்கர் வெட்டின ஆட்கள் இருக்கிறீர்கள். செம்மண்ணில் வெட்டினால் சுவர் நிற்கும். கடற்கரை மணலில் வெட்டினால் வெட்ட வெட்டச் சரிந்து மூடும். பனங்குற்றி அடுக்கவேணும், மண்மூட்டை அடுக்கவேணும். 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் சனம் கட்டியிருந்த சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினது அதற்காகத்தான். தாடை மீன் கல் காவுவதும் அதே காரணத்துக்குத்தான். கல்லும் சிப்பியும் கொடுக்காமல் வெறும் சீனி மண்ணை மட்டும் கொடுத்தால், அது இரவு பகலாகத் தோண்டும், வளை சரிந்து விழும், திரும்பத் தோண்டும். கடைசியில் களைத்து ஒரு மூலையில் ஒதுங்கும், அல்லது தொட்டிக்கு வெளியே பாயும். ஆகவே சீனி மண்ணோடு அரை சென்ரிமீற்றரிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வரையான பவளச் சல்லியும் சிப்பித்துண்டும் தாராளமாகக் கலந்து கொடுங்கோ. ஒரு பிடி சல்லியை மேலே தூவியும் விடுங்கோ. அது தானே தெரிந்து எடுக்கும்.

ஆழம்? மண்ணில் படுக்கிற றாசுக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் போதும். துப்பாக்கி றால் சோடிக்கு 5 முதல் 8, பக்கத்தில் ஒரு தட்டையான கல்லும் வேணும். கல்லுக்குக் கீழேதான் அவை தோண்டப் பிரியப்படும். தாடை மீனுக்கு 12 முதல் 15 சென்ரிமீற்றர் வேணும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கட தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் அகலம் என்று வைப்போம். 5 சென்ரிமீற்றர் மண் போட 27 லீற்றர் மண் வேணும். ஒரு லீற்றர் உலர்ந்த மண் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆகவே 40 கிலோ. 15 சென்ரிமீற்றர் என்றால் 120 கிலோ! அது இரண்டு பெரிய மனிதர் தொட்டிக்குள் ஏறி இருக்கிற பாரம். தொட்டி வைத்திருக்கிற மேசை அதைத் தாங்குமோ என்று முதலில் பார்க்கவேணும்.

தாடை மீனுக்காக முழுத் தொட்டியையும் நிரப்பவேணும் என்று இல்லை. கல்லுகளால் ஒரு மூலையை அணைகட்டினது போல மறித்து, அந்த மூலையில் மட்டும் ஆழமாக மண் போடலாம். அல்லது சாப்பாடு வைக்கிற தடித்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் 12 சென்ரிமீற்றருக்கு மண்ணும் சல்லியும் நிரப்பி, கல்லுக்குப் பின்னால் இறக்கி வைக்கலாம். றாஸ் மட்டும்தான் வருகிறதென்றால் இன்னும் சுகம். அகலமான ஒரு கண்ணாடிக் கோப்பையில் சீனி மண் போட்டு வைத்தாலே இரவில் வந்து அதற்குள் படுக்கும். காசும் மிச்சம், பாரமும் மிச்சம், பழைய தொட்டிக்கு ஆபத்தும் குறைவு.

பழைய தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது?

இதுதான் முக்கியமான பகுதி. மூன்று வருசம் ஓடின தொட்டியில் மீன் மட்டும் வாழவில்லை. கல்லிலும், மண்ணிலும், கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் ஒட்டி வாழுகின்றன. மீன் கழிக்கிற அமோனியா நஞ்சு. ஒரு கூட்டம் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், அடுத்த கூட்டம் அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்று ஆக்கும். இந்த வேலைக்கு அவற்றுக்கு ஒட்சிசன் வேணும். மண்ணுக்குள் சின்னப் புழுக்களும், கூனிறால் மாதிரிச் சிறு பிராணிகளும் இருந்து மிச்சச் சாப்பாட்டைத் தின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். ஆரும் சொல்லிக் கொடுக்காமல் தொட்டிக்குள் ஒரு ஊர் உருவாகியிருக்கிறது.

அதன் மேலே ஒரே நாளில் 5 சென்ரிமீற்றர் புது மண்ணைக் கொட்டினால் அந்த ஊர் உயிரோடு புதைபடும். கீழே தண்ணி ஓட்டம் நிற்கும், ஒட்சிசன் முடியும். புழுக்களும் சிறு பிராணிகளும் செத்து அழுகும், அமோனியா கூடும். அமோனியாவை மாற்றவேண்டிய பற்றீரியாவில் ஒரு பகுதியும் அதே நேரம் வேலையை நிறுத்திவிடும். பழைய மண்ணில் அழுக்குத் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒட்சிசன் இல்லாத அழுக்கில் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். கூழ்முட்டை மணம் மணக்கிற நஞ்சு அது. மண் கறுத்துப்போய் இருந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கோ. அசையாமல் இருக்கும்வரை பெரிய கரைச்சல் தராது. ஆனால் நீங்கள் கொண்டுவரப்போவது தோண்டுகிற பிராணி. அது நேரே அங்கேதான் தோண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனிதர், மகளின் பிறந்தநாளுக்குத் தாடை மீன் வாங்கி வந்துவிட்டார். அதே பின்னேரம் 30 கிலோ மண்ணை வாங்கி, பழைய மண்ணுக்கு மேலே கொட்டிவிட்டார். தண்ணி பால் மாதிரி வெளுத்தது. மூன்றாம் நாள் இரவு எனக்கு ரெலிபோன். போய்ப் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. விடிய விடியத் தண்ணி மாற்றினோம். தாடை மீனும், அவர்கள் நாலு வருசமாக வளர்த்த நீல நிற டோரி மீனும் தப்பவில்லை. அந்தப் பிள்ளை வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள்: "அது புதுசா வந்த மீன், இது இஞ்சயே இருந்த மீன், ரெண்டும் ஏன் மாமா செத்தது?" அந்தக் கேள்விக்கு விபரமாகப் பதில் சொல்லவேணும் என்றுதான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிறேன்.

போடுகிற முறை

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கோ.

ஒன்று. தொட்டியில் பழைய மண் இருந்தால் முதலில் அதைப் பாருங்கோ. ஒரு ரியூப்பைப் போட்டு ஒரு ஓரத்தில் உறிஞ்சிப் பார்த்தால் தெரியும். தேத்தண்ணி மாதிரி அழுக்கு வந்தால், அந்த மண்ணை எடுத்துவிடவேணும். அதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். வாரத்துக்குக் கால் பங்கு என்று, தண்ணி மாற்றுகிற நாளில் உறிஞ்சி எடுங்கோ. சுத்தமான மண் என்றால் இருக்கட்டும்.

இரண்டு. கல்லுகளைக் கையால் அசைத்துப் பாருங்கோ. கல் எப்போதும் கண்ணாடியில் நேரே இருக்கவேணும், அல்லது ஒரு தாங்கியில் இருக்கவேணும். மண்ணுக்கு மேலே கல்லு வைத்தால், றால் கீழே தோண்ட, கல் சரிந்து அதையே நசுக்கிவிடும். சில நேரம் கண்ணாடியும் வெடிக்கும். அடியில் இருக்கிற பவள உயிர்களை மேலே தூக்கி வையுங்கோ. மண் மூடினால் அவை சாகும்.

மூன்று. உலர்ந்த மண்ணை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அரிசி கழுவுகிற மாதிரிக் கழுவுங்கோ. தண்ணி தெளிகிற வரைக்கும் கழுவவேணும், பத்துத் தரம் என்றாலும் அலுக்கக்கூடாது. குழாய்த் தண்ணியில் குளோரின் அல்லது குளோரமின் இருக்கும். ஆகவே கடைசித் தரம் தொட்டியிலிருந்து எடுத்த உப்புத்தண்ணியில் அலசுங்கோ. ஈரமாகப் பையில் அடைத்து, பற்றீரியா உயிரோடு இருக்கிறது என்று விற்கிற மண்ணைக் குழாய்த் தண்ணியில் கழுவக்கூடாது. கழுவினால் எதற்குக் கூடக் காசு கொடுத்தீர்களோ அது போய்விடும்.

நாலு. மண் போட்டால் தண்ணி மட்டம் உயரும். நான் சொன்ன கணக்கில் 27 லீற்றர் மண்ணில் பாதிக்கு மேலே கெட்டிப்பொருள்தான். தொட்டித் தண்ணி மூன்று சென்ரிமீற்றர் அளவு ஏறும். கீழே இன்னொரு தொட்டி வைத்து அதற்குத் தண்ணி வழிகிற மாதிரி அமைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவேணும். கூடின தண்ணி முழுக்கக் கீழ்த்தொட்டிக்கு வரும். கரண்ட் நின்றால் அது நிரம்பி நிலத்தில் ஓடும், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஆகவே முதலே தண்ணியை எடுத்துவிடுங்கோ.

ஐந்து. பம்புகள், பில்ரர், ஹீற்றர் எல்லாவற்றையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கோ. உப்புத்தண்ணியும் கரண்டும் விளையாட்டு இல்லை. ஊரில் எஸ்லோன் பைப் என்று சொல்லுகிற பிளாஸ்ரிக் குழாயில் ஐந்து சென்ரிமீற்றர் வாய் உள்ளதாக ஒரு துண்டு எடுங்கோ. ஒரு முனை தொட்டி அடியில் தொடவேணும், மற்ற முனையில் ஒரு புனல். ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றவர் ஈர மண்ணைச் சிரட்டையாலோ கோப்பையாலோ மெல்ல விடவேணும். மண் குழாய்க்குள்ளாலேயே இறங்கி அடியில் படியும், தண்ணி அதிகம் கலங்காது. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. பொறுமையும் அதே அளவு வேணும்.

ஆறு. பழைய மண் இருக்கிற தொட்டி என்றால் ஒரு நாளில் ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ஒன்றரை. அதுவும் முழு அடிக்கும் போடாமல் மூன்றில் ஒரு பங்குக்கு. அடுத்த வாரம் அடுத்த பங்கு. கீழே இருக்கிற புழுக்கள் மெல்ல மேலே ஏறி வருவதற்கு இந்த அவகாசம். வெறும் கண்ணாடி அடி என்றால் புதைபட ஒன்றும் இல்லை, ஆகவே இரண்டு மூன்று நாளில் போட்டு முடிக்கலாம்.

ஏழு. பம்புகளை ஒரு மணித்தியாலத்துக்கு மேலே நிறுத்தி வைக்காதேங்கோ, மீனுக்கு மூச்சு முட்டும். திரும்பப் போடமுதல் பம்புகளைக் கொஞ்சம் மேலே உயர்த்தி, வாய் மண்ணைப் பார்க்காமல் திருப்பி விடுங்கோ. மண் உள்ளே போனால் பம்ப் தேய்ந்துபோகும். பில்ரரில் பஞ்சு வைத்து, அழுக்காக அழுக்காக மாற்றுங்கோ. ஓரிரு நாளில் தண்ணி தெளியும்.

பிறகு?

ஒவ்வொரு முறை மண் போட்ட பிறகும் ஒரு கிழமைக்கு அமோனியாவைச் சோதித்துப் பாருங்கோ. சோதிக்கிற பெட்டி கடையில் இருக்கிறது, ஒரு மீனின் விலையைவிட மலிவு. பூச்சியம் என்றால் அடுத்த பங்கு மண். அமோனியா தெரிந்தால் மண்ணை நிறுத்தி, ஐந்தில் ஒரு பங்கு தண்ணி மாற்றுங்கோ. இதற்காக உப்புத்தண்ணி ஒரு பீப்பாவில் கலந்து தயாராக இருக்கவேணும். அமோனியா ஏறின பிறகு உப்புத் தேடி ஓடுவது சரிவராது. அந்தக் கிழமை சாப்பாட்டையும் குறைத்துப் போடுங்கோ.

புது மண்ணில் சில நாளில் மண்ணிறப் பாசி படரும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில கிழமைகளில் தானே போய்விடும். கடைசிப் பங்கு மண் போட்டு மூன்று நாலு கிழமை சென்ற பிறகு, முதலில் நசாரியஸ் நத்தை நாலைந்து விடுங்கோ. அவை மண்ணுக்குள்ளே ஒளிந்திருந்து, சாப்பாட்டு மணம் வந்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு எழும்பி வரும். மண்ணும் கிளறுப்படும், பிள்ளைகளுக்கும் விளையாட்டு. அவை நலமாக இருந்தால் பிறகு றால், அதற்குப் பிறகு மீன்.

மீன் வருகிற அன்றைக்குத் தொட்டி விளக்கை அணைத்து விடுங்கோ. தொட்டிக்கு மேலே வலை மூடி கட்டாயம். தாடை மீனும் றாசும் பயந்தால் பாயும், விடியக் கம்பளத்தில் காய்ந்து கிடக்கும். புது றாஸ் இரண்டு மூன்று நாள், சில நேரம் அதற்கு மேலேயும், மண்ணுக்குள் இருந்து வெளியே வராது. செத்துப்போச்சு என்று நினைத்து ஒருவரும் தோண்டிப் பார்க்கக்கூடாது. அது ஊர் நேரத்திலிருந்து இந்த நாட்டு நேரத்துக்கு மாறவேணும். நாங்களும் வந்த புதிதில் பகலில் படுத்து இரவில் முழித்தவர்கள்தானே!

வழமையான ஒரு கேள்வி

கேள்வி நேரத்தில் ஆரோ கட்டாயம் கேட்பீர்கள் என்று தெரியும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். "ஊருக்குப் போட்டு வரேக்க கடற்கரை மண் ஒரு பை கொண்டு வந்து போட்டால் என்ன?"

ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் எங்கட கரையோர மண் எல்லாம் ஒரு வகை இல்லை. வடமராட்சியில் அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெள்ளை மணல் பெரும்பாலும் சிலிக்கா. கண்ணாடி செய்ய உதவுகிற மணல் அது. கண்ணுக்கு வடிவு, தொட்டியில் நஞ்சும் இல்லை, ஆனால் பவள மண்ணின் குணம் அதற்கு இல்லை. அதோடு, அயல்நாட்டு மண்ணை உள்ளே விடப் பல நாடுகளின் சுங்கம் சம்மதிக்காது. பவளக் கல்லுக்குச் சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிப்பத்திரம் வேணும். கரையோரத்தில் மண் அள்ளினால் கடல் உள்ளே வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த மண் அங்கேயே இருக்கட்டும். ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வந்து சாமி அறையில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அது வேறு விசயம், அதில் நான் கைவைக்கவில்லை.

நிறைவாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மீன் கேட்டால் உடனே வாங்கிக் கொடுக்காதேங்கோ. முதலில் மண்ணை வாங்கிக் கொடுங்கோ. கழுவச் சொல்லுங்கோ, வாரத்துக்கு ஒரு பங்கு போடச் சொல்லுங்கோ, அமோனியாவை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கோ. இரண்டு மாதம் போகும். "எப்ப அப்பா மீன் வரும்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்கள். கேட்கட்டும். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு, வரப்போகிற ஒருவருக்காக இடம் தயார் செய்கிற பிள்ளை, அந்த மீன் வந்த பிறகு அதைக் கண்ணாடியில் தட்டிப் பயப்படுத்தாது.

தொட்டியில் ஆருக்காவது சந்தேகம் இருந்தால், தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கோ. குழாயும் புனலும் என்னிடம் இருக்கிறது, இரவலாகத் தருவேன். திருப்பித் தந்தால் சந்தோசம்.